14. ஆமோஸ் சாப்பிடாத ஒன்பதாம் நாள்

“நான் மறுபடியும் போகட்டா?” என்று செல்வதாஸ் கேட்டதற்கு, “உங்க இஷ்டம்” என்று தங்கபாய் பதில் சொல்லி ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்த ஐந்து நாளும் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தார். தூசி படாமல் இருக்க, அவள் அதன்மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடினாள். அவ்வளவுதான்.

ஓமனில் சோஹார் என்ற ஊரில் இருபத்து நான்கு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, பத்து மாதத்துக்கு முன்புதான் செல்வதாஸ் ஈத்தாமொழிக்குத் திரும்பியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுமுறையில் வந்துபோன மனிதர். வந்த புதிதில் சோறு போடும்போதெல்லாம் “போதும், தேங்க்ஸ்” என்பார். தங்கபாய்க்குச் சிரிப்பாகவும் இருக்கும், சங்கடமாகவும் இருக்கும். விருந்தாளியை வீட்டோடு வைத்துக்கொண்ட மாதிரி.

இப்போது பழைய முதலாளி மறுபடி கூப்பிட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை திருவனந்தபுரத்தில் விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட். அதற்காகச் செல்வதாஸ் விடிகிற நேரத்திலேயே குளித்துப் புறப்பட்டுவிட்டார்.

ஆனால் செருப்பை மாட்டிய பிறகும் அவர் வாசலுக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். தங்கபாய் அடுக்களை ஜன்னல் வழியே பார்த்தாள். தொட்டியின் பக்கத்தில் குனிந்து நின்று, “ஆமோஸே, யல்லா, யல்லா” என்று, வா வா என்பதற்கு ஓமனில் பழகிய அரபியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு முருங்கைக் கொத்து.

ஆமோஸ் வரவில்லை.

ஆமோஸும் யோனாவும் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. வட்டக்கோட்டைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் வற்றிப்போன அலங்காரத் தொட்டியில் இருந்து மகள் ரெஜிலா எடுத்து வந்த ஆமைகள் அவை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட வெளிநாட்டு ஆமைகள். உள்ளங்கை அளவில் குட்டியாக விற்பார்கள், வளர்ந்து சாப்பாட்டுத் தட்டு அளவு ஆனதும் யாருக்கும் வேண்டாமல் போகும். ஏதாவது குளத்தில் விட்டுவிடலாம் என்றுதான் ஹோட்டல் காவலாளி சொன்னார். விட்டால் நம் ஊர் ஆமைக்கும் மீனுக்கும் இரை இல்லாமல் போய்விடும் என்று ரெஜிலா அவருக்குப் பாடம் நடத்திவிட்டுக் கொண்டுவந்தாள். மணவாளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் அறிவியல் டீச்சர்.

வேலையில்லாமல் வீட்டு மின்விசிறிகளையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த செல்வதாஸுக்கு அன்றைக்கு ஒரு வேலை கிடைத்தது. பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைக் குறுக்காக அறுத்தார். ஏர் கூலர் மோட்டாரை வைத்துத் தண்ணீர் சுத்தமாக ஒரு வழி செய்தார். ஆமைகள் ஏறிக் காய்வதற்கு ஓடுகளால் ஒரு மேடை, மழை நாளுக்கு ஒரு வெயில் விளக்கு. பெரியதுக்கு ஆமோஸ் என்றும் சிறியதுக்கு யோனா என்றும் பெயர் வைத்தவரும் அவர்தான்.

தங்கபாய் அந்தப் பக்கமே போகவில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நாத்தனார் கேட்டில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. அவளுக்கு நாற்றம் ஆகாது. இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், வீட்டிலாவது டெட்டால் வாசனை போதும் என்று நினைத்தாள்.

ஒன்பது நாளாக ஆமோஸ் எதையும் தின்னவில்லை. கீரை போட்டார்கள், காய்ந்த கூனி இறால் போட்டார்கள். யோனா எல்லாவற்றையும் தின்றுவிட்டு மேடைமேல் ஏறிக் கால்களை நீட்டிக் காயும். ஆமோஸ் மட்டும் தொட்டியின் ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி வரும்.

செல்வதாஸ் திரும்பி அடுக்களை ஜன்னலைப் பார்த்தார். இன்றைக்கும் தின்னவில்லையென்றால், என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏழு மணிக்கு ரெஜிலாவும் புறப்பட்டாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மேற்பார்வைக்குப் போனால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வந்து ஆமோஸை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகலாம், அதுவரை அம்மா தொடவேண்டாம், எட்ட நின்று பார்த்தால் போதும் என்றாள். அங்குள்ள கால்நடை டாக்டரின் நம்பரை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள்.

எட்ட நின்று பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கப் பார்க்கக் கிட்டே போகத் தோன்றும்.

ஒன்பதரை மணிக்குத் தங்கபாய் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமோஸ் மேடைமேல் ஏறியிருந்தது. முன்னங்கால்களை அசைக்கவில்லை. பின்னங்கால் இரண்டால் மட்டும் மாறி மாறி மேடை ஓட்டைப் பிராண்டியது. இடது, வலது, இடது, வலது. கொஞ்சம் நிறுத்தும். கழுத்தை முழுக்க நீட்டி, வாயை லேசாகத் திறந்து மூடும். மறுபடி பிராண்டும். பின்னங்கால் விரல் ஒன்றில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

வலிக்கிற உடம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாய் பேசத் தெரியாத உடம்புகளையும் அவள் பார்த்திருக்கிறாள். சாயங்காலம்வரை இது காத்திருக்காது என்று தோன்றியது.

டாக்டர் சிவபிரசாத்துக்குப் போன் போட்டாள். ஒரு மணிக்குள் கொண்டுவரச் சொன்னார். தண்ணீரில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், ஈரத்துணி போதும் என்றார்.

தெரிந்த ஆட்டோக்காரர் தக்கலைக்குச் சவாரி போயிருந்தார். தங்கபாய் பெரிய வாளி ஒன்றை எடுத்து, அடியில் பழைய துண்டை நனைத்து விரித்தாள். பிறகு கையுறை தேடினாள். கிடைக்கவில்லை. கையை நீட்டினாள், பின்னால் இழுத்தாள், மறுபடி நீட்டித் தூக்கினாள். ஓடு வெயிலில் சூடாக இருந்தது. இரண்டு கிலோவுக்குமேல் இருக்கும், பிறந்த குழந்தை கனம். நாற்றம் ஒன்றும் பெரிதாக இல்லை. குளத்துப் பாசி வாசனை, அவ்வளவுதான்.

ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து வந்த பஸ்ஸில், மீன்கூடையோடு இருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் வாளிக்குள் பிராண்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். தங்கபாய் தயங்கி, மேலே மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவாள் என்று நினைத்தாள்.

அவள் போகவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“எங்க கரையில கடலாமை ஏறி வரும். பின்னங்காலை வச்சு இப்படித்தான் தோண்டும்” என்றாள். “இது மண்ணு கேக்குது, கேட்டியளா.”

“இது ஆணு. பேரு ஆமோஸு.”

“பேரு நீங்கதான வச்சது.”

ஈத்தாமொழி ரோட்டின் தென்னைகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. தங்கபாய் வாளிக்குள் பார்த்தாள். ஆறு வாரமாக இது வீட்டில் இருக்கிறது, இதற்குக் கண் பச்சையாக இருப்பதைக்கூட இன்றைக்குத்தான் கவனிக்கிறாள். யாருக்கும் கேட்காதபடி, “யல்லா, யல்லா” என்று சொல்லிப் பார்த்தாள். பிராண்டுவது ஒரு நிமிஷம் நின்றது.

டாக்டர் சிவபிரசாத்தின் கிளினிக்கில் இரண்டு நாய்களும் ஒரு பூனையும் காத்திருந்தன. இளவயது டாக்டர். ஆமை வைத்தியம் தான் இதுவரை நான்கே நான்கு பார்த்திருப்பதாக முதலிலேயே சொல்லிவிட்டார். அது தங்கபாய்க்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டர்களை அவள் எப்போதும் நம்புவாள்.

அவர் ஆமோஸைத் தூக்கி, பின்னங்காலுக்கு முன்னால் இருந்த குழியில் விரலை மெதுவாக விட்டுத் தடவினார். முகம் மாறியது. உடனே எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோனார்.

தங்கபாய் ஆயிரக்கணக்கில் எக்ஸ்ரே பார்த்தவள். விலா எலும்பு, இடுப்பெலும்பு, விழுங்கிய நாணயம், உடைந்த கை. ஆனால் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டியதைப்போல ஒன்றை அவள் பார்த்ததில்லை. ஓட்டின் கட்டங்கள் சாம்பல் நிறத்தில் கோலம்போலத் தெரிந்தன. அதற்குள்ளே, பின்பாதி முழுக்க, வெள்ளை வெள்ளையாக நீள்வட்டங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன.

“இது முட்டையா?”

“முட்டைதான். எண்ணிச் சொல்லுங்க, நானும் எண்ணுகேன். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு வரணும்.”

திரையில் விரலை வைத்து எண்ணினாள். ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்த இரண்டை முதலில் ஒன்றாக எண்ணிவிட்டு, மறுபடி எண்ணினாள். ஒன்பது. டாக்டருக்கும் ஒன்பது.

பஸ்ஸில் மீன்காரப் பெண் சொன்னதை அவள் சொன்னாள். அந்த அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றார் டாக்டர். முட்டை நிறைந்த ஆமைக்கு வயிற்றில் இரைக்கு இடம் இருக்காது. தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரும் மேடை ஓடுகளும் பிளாஸ்டிக்கும் தவிரத் தொட்டியில் வேறு என்ன இருக்கிறது?

தங்கபாய்க்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். “டெலிவரி ஆவல்லன்னா?” என்று கேட்டாள்.

ஆகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். நாளைச் சாயங்காலம்வரை பார்க்கலாம், அதற்குமேல் ஊசி போட்டு வரவழைக்க வேண்டியிருக்கும். முதலில் மண் கொடுத்துப் பாருங்கள் என்றார். ஓரடி ஆழம், ஈரப்பதம், வெயில் படும் இடம். முக்கியமாக, முன்னால் ஆள் நிற்கக் கூடாது.

யோனாவின் முன்னங்கால் நகம் நீளமாக இருக்கிறதா என்றும் கேட்டார். இருக்கிறது என்றாள். அப்படியானால் ஆண் அதுதான், அதைத் தனியே வையுங்கள் என்றார். முட்டையைப் பொரிக்க விடவேண்டாம், ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். இரண்டை வளர்க்கவே இவ்வளவு பாடு, இன்னும் ஒன்பது குட்டிக்கு எங்கே போவது?

வாளியோடு பஸ் நிலையத்துக்கு வந்தபோது செல்வதாஸ் போன் செய்தார். ரத்தம் எடுத்தாகிவிட்டதாம், எக்ஸ்ரேவுக்கு நிற்கிறாராம். அவர் குரலுக்குப் பின்னால் யாரோ இரும்பை அறுக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் கட்டட வேலை போலும். ஆமோஸ் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். அப்படியேதான் இருக்கிறது, நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் நல்லபடியாக முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். முழங்கால் வலிக்கு மண்வெட்டி ஆகாது என்று டாக்டர்கள் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வாழைக்கூட்டத்துக்குப் பக்கத்தில், வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கொத்திக் கிளறினாள். கல்லைப் பொறுக்கிப் போட்டாள். மணல் கலந்து, தண்ணீர் தெளித்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்தாள். நாலு பக்கமும் ஓலைத்தட்டி வைத்து மறைத்தாள். யோனாவைத் தனி வாளிக்கு மாற்றினாள். ஆமோஸை மண்ணில் விட்டுவிட்டு, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆமோஸ் தட்டியோரமாகவே நடந்தது. ஒரு மூலையை முகர்ந்தது, அங்கிருந்து விலகியது. இன்னொரு மூலையை முகர்ந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் மாதிரி.

மூன்றரை மணிக்கு ரெஜிலா வந்தாள். தொட்டியில் ஆமோஸைக் காணாமல் பதறி ஓடிவந்தவள், துவைகல்லுக்குப் பின்னால் கால்முட்டில் மண்ணோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“மக்களே, குனி. அது பாத்திரும்” என்றாள் தங்கபாய்.

மகளும் பக்கத்தில் குந்தினாள். தங்கபாய் காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, பஸ், மீன்காரப் பெண், ஒன்பது முட்டை. ரெஜிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சயன்ஸ் டீச்சர், நகத்தைப் பார்த்திருக்க வேண்டாமா என்றாள். இனிமேல் பெயரை மாற்ற வேண்டும் என்றாள்.

அதெல்லாம் மாற்ற வேண்டாம், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பெயர் என்றாள் தங்கபாய்.

அப்போதுதான் ஆமோஸ் நின்றது. வாழையின் நிழல் விலகி வெயில் விழுந்த இடம். உடம்பைத் திருப்பிக்கொண்டு, பின்னங்கால் ஒன்றை மண்ணில் ஊன்றியது. இடது கால் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி ஓரத்தில் வைத்தது. பிறகு வலது கால். கண்ணால் பார்க்காமலே, பின்னால் என்ன செய்கிறோம் என்று தெரிந்த மாதிரி அள்ளியது. மண் இறுகிய இடத்தில் உள்ளிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கியது. ஒரு செம்பு இறங்கும் அளவுக்குக் குழி ஆனது. மேலே வாய் குறுகலாக, அடியில் அகலமாக.

முதல் முட்டை விழுந்தபோது ரெஜிலா அம்மாவின் கையைப் பிடித்தாள். வெள்ளையாக, நீளமாக, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. விழுந்ததும் ஆமோஸ் பின்காலை உள்ளே விட்டு அதைப் பதமாக நகர்த்தி வைத்தது. அடுத்ததுக்கு இடம் பண்ணுகிறது.

ஐந்தாவது முட்டையின்போது தங்கபாயின் போன் அடித்தது. பதறி அதை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் ஓடினாள். தெரியாத நம்பர். திருவனந்தபுரத்து மெடிக்கல் சென்டரிலிருந்து ஒரு பெண் மலையாளத்தில் பேசினாள். செல்வதாஸ் என்பவர் இந்த நம்பரையும் கொடுத்திருக்கிறார், காலை பத்து மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை, அவர் போனையும் எடுக்கவில்லை, வேறு தேதி வேண்டுமா என்று கேட்டாள்.

ரத்தம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாரே என்றாள் தங்கபாய்.

அந்தப் பெண் பெயரை மறுபடி சரிபார்த்தாள். இல்லை, ஆள் வரவே இல்லை.

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, தங்கபாய் அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்றாள். இருபத்து நான்கு வருஷம் கடல் தாண்டி இருந்தபோது அவர் ஒரு பொய் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்பார். சம்பளம் வரவில்லை என்றால் வரவில்லை என்பார்.

அவள் திரும்பி வந்தபோது ஆமோஸ் குழியை மூடிக்கொண்டிருந்தது. யார் போன் என்று ரெஜிலா கேட்டாள். ராங் நம்பர் என்றாள். ரெஜிலா எட்டு எண்ணியிருந்தாள். உள்ளே ஒன்று பாக்கி இருக்க வேண்டும். டாக்டருக்குப் போன் செய்து கேட்டார்கள். சில நேரம் ஒன்று பிந்தி வரும், நாளைக் காலை கொண்டுவாருங்கள், ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். தொட்டியில் விட்ட ஐந்தாம் நிமிஷம் ஆமோஸ் ஒரு முருங்கையிலையைக் கடித்து இழுத்தது. இன்னொன்று. பிறகு கொத்து முழுவதும் காலி.

ஐந்தரை மணிக்குச் செல்வதாஸ் வந்தார். மகள் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நேராகத் தொட்டிக்குப் போய், தின்றுகொண்டிருந்த ஆமோஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா தனியாக வாளியோடு பஸ்ஸில் போனாள் என்பதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். திரும்பித் தங்கபாயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றியும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

ரெஜிலா குளிக்கப் போனாள். அவர் சட்டைக் கையை மடக்கியிருந்தார். முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு சின்னப் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி.

“நாலு டியூபு எடுத்தானுவ” என்றார்.

தங்கபாய் அவர் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் செய்வதுபோல ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் பிளாஸ்திரியை எடுத்தாள். பஞ்சு வெள்ளையாக இருந்தது. தோலில் ஊசி குத்திய புள்ளி இல்லை.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“அங்கேயிருந்து போன் வந்தது” என்றாள். “எங்க போயிருந்தீங்க?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரைக் கேட்காத கேள்வி அது. எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்பதெல்லாம் விசாவும் கம்பெனியும் முடிவு செய்கிற விஷயமாகவே இருந்துவிட்டது. செல்வதாஸ் குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“ஸ்டேஷன் வரைக்கும் போனேன். டிரெயின் வந்தது, போச்சு. நான் ஏறல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் நடந்ததை இங்க வச்சு சொன்னா உனக்குக் கோவம் வரும். நாளைக்கு ஆமோஸைக் கொண்டுபோகணும்லா, நானும் வாறேன். போற வழியில ஓரிடம் காட்டுகேன். பாத்துட்டு நீ சொல்லு. உங்க இஷ்டம்னு மட்டும் சொல்லாத.”

சட்டைப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். வைத்துவிட்டு, யோனாவின் வாளிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பின்பக்கம் போய்விட்டார்.

அவள் கையைத் திறந்தாள். ஒரு சாவி. புதிதாக வெட்டியது, ஓரத்தில் இரும்புத் துகள் இன்னும் ஒட்டியிருந்தது. பகலில் போனில் கேட்ட அறுக்கும் சத்தம் இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் இருந்த எந்தப் பூட்டுக்கும் உரியதல்ல அது.